ரயில்காரி வீட்டு இஞ்சின்

நுவரெலியாவுல சீசன் தொடங்குனா என் கடைக்கு வர்ற ஆளுங்களுக்கு ஒரே ஒரு நாடுதான் ஞாபகத்துக்கு வரும். ஜெர்மனி. துருப்புடிச்ச தகரத்துல நாலு சக்கரம் ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும். கையில தூக்கி, கறுப்புக் கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, பொண்டாட்டி காதுல ஜெர்மன் சாமான்னு ரகசியமாச் சொல்லுவாங்க. எனக்குக் கேக்கலைன்னு நெனப்பு. நேத்து வரைக்கும் ஏதோ ஒரு தோட்டத்து லயத்து வீட்டுல கோழிக்குத் தீனி அள்ளுன தகரக் குவளை, கொழும்புக்காரங்க கையில ஏறுன ஒடனே ஜெர்மனிக்குப் போயிட்டு வந்துரும்.

மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்குற சந்துல நான் பழைய சாமான் கடை வச்சிருக்கேன். பங்களாவுல கழிச்சுப் போட்ட வெளக்கு, பீங்கான், கோல்ஃப் மட்டை, பித்தளைப் பூட்டு, இதுதான் வியாபாரம். துரைமாருங்க விட்டுட்டுப் போனதுல எனக்குச் சோறு கெடைக்குது. அவங்க இருந்தப்ப எங்க வீட்டுல யாருக்கும் இவ்வளவு கெடச்சதில்ல. அதுலயும் தகர வெளையாட்டுச் சாமான்னா எனக்குத் தனிக் கிறுக்கு. ஏன்னு பொறவு சொல்றேன்.

கம்பெனி முத்திரை குத்தியிருந்தா எந்த மடையனும் இது யாரு செஞ்சதுன்னு சொல்லிருவான். முத்திரை இல்லாத சாமான்லதான் ஆளோட லச்சணம் தெரியும். ஜெர்மனியில நியூரம்பேர்க்னு ஒரு ஊரு. அந்தக் காலத்துல அங்க தெருவுக்குத் தெரு தகரப் பட்டறையாம். நெறைய பேரு சாமான்ல பேரே போடல, வாங்கி விக்கிற கடைக்காரன் அவன் பேரைப் போட்டுக்கட்டும்னு சும்மா அனுப்பிட்டாங்க. அதனால இப்ப நாமதான் தலைகீழாப் புரட்டிப் பாக்கணும். தகரத்தை ஈயம் வச்சு ஒட்டியிருக்கானா, இல்லாட்டி ஒரு தகரத்தோட நாக்கை இன்னொண்ணோட வாயில விட்டு மடக்கியிருக்கானா? கோடும் பூவும் கையால தீட்டுனதா, தகரத்துலயே அச்சடிச்சதா? சக்கரம் வார்த்ததா, தகட்டுல தட்டி எடுத்ததா? கொக்கி எப்படி வளையுது, சாவி போடுற ஓட்டை எந்தப் பக்கம் இருக்கு? ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு கைப்பழக்கம். அதைப் பழைய படங்களோட வச்சு வச்சுப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன். மேல பூசியிருக்குற கலரை மட்டும் நம்பவே கூடாது, கலரை யாரு வேணா எப்ப வேணா அடிக்கலாம்.

இந்தக் கலர் விஷயத்துலதான் எனக்கும் ஐயாவுக்கும் தீராத சண்டை. ஐயா யாழ்ப்பாணத்துக்காரரு. கல்விக் கந்தோர்ல பெரிய உத்தியோகம் பாத்து, பென்ஷன் எடுத்த பொறவும் குளிரு புடிச்சுப்போச்சுன்னு இங்கயே தங்கிட்டாரு. வீடு நெறைய தகரச் சாமான். கழுத்துல கறுப்புக் கயித்துல ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். கோயிலுக்குப் போனாலும் தொங்கும், சாமியையும் அப்படித்தான் பாக்குறாரோ என்னமோ. ஒரு சாமானைக் கையில எடுத்தாருன்னா மூச்சைப் புடிச்சுக்கிட்டு பூதக்கண்ணாடியால பாப்பாரு. பொறவு தீர்ப்பு வரும். உது நியூரம்பேர்க், பிள்ளை, நிறத்தைப் பாரும்னு சொல்லுவாரு. ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிப் பச்சை, தனிச் செவப்பு இருக்காம், அதை இன்னொருத்தன் கலக்கவே முடியாதாம்.

ஒருக்கா என் கடையில கெடந்த தகர வாத்தை எடுத்து வச்சுக்கிட்டு, இந்த மஞ்சள் ஒரே ஒரு கம்பெனி அடிச்சதுன்னு தேத்தண்ணி ஆறுற வரைக்கும் பேசுனாரு. அந்த மஞ்சளை முந்துன வாரம் அடிச்சது நான்தான். மூக்கு உடைஞ்சு பாக்கச் சகிக்காம இருந்துச்சு, மிச்சம் கெடந்த பெயிண்டை எடுத்துப் பூசி விட்டேன். சொல்லிரலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மனுசன் அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு, விட்டுட்டேன். வாத்தை அவருக்கு விக்கல, அந்த மட்டுக்கும் நான் நல்லவ.

இனி என் கிறுக்குக்குக் காரணம். அது எங்கம்மா. தலவாக்கலைக்கு மேல இருக்குற எங்க தேயிலைத் தோட்டத்துல எங்கம்மாவுக்குப் பேரு ரயில்காரி. அப்பா அம்மா வச்ச பேரு எலக்‌ஷன் கார்டுல மட்டும்தான் இருக்கு.

கல்யாணம் முடிஞ்ச புதுசுல அம்மா பங்களாவுல ஆயாவா இருந்துச்சு. கடைசி வெள்ளைக்காரத் துரையோட மகனைப் பாத்துக்கிற வேலை. அந்தப் புள்ளைகிட்ட ஒரு தகர ரயில். துரையோட அப்பா சின்னதுல வெளையாடுன சாமானாம். ஒரு இஞ்சின், அது இழுக்குற பெட்டிங்க, துண்டு துண்டாப் பூட்டி வளைக்கிற தண்டவாளம். அரசாங்கம் தோட்டங்களை எடுக்கப் போகுதுன்னு ஆனதும் துரை குடும்பம் சீமைக்குக் கெளம்புச்சு. சாமான் கட்டுற அன்னைக்கு இஞ்சினைக் காணல. துரைசாணி தேடுனாங்க, சமையல் அப்பு தேடுனாரு, ஆயாவோட துணி மூட்டையைக்கூட ஒதறிப் பாத்தாங்க, கெடைக்கல. அந்த ரயிலைத் தொட்டுத் தொடைக்கிறது ஆயாதான். அதுக்கு மேல யாரும் யோசிக்கல.

மறுநாள் காலையில பெரட்டு. தோட்டத்துல விடிஞ்சதும் எல்லாரும் களத்துல வந்து வரிசையா நிக்கணும், யாருக்கு எந்த மலை, என்ன வேலைன்னு அங்கதான் சொல்லுவாங்க, அதுதான் பெரட்டு. யாரையாவது அசிங்கப்படுத்தணும்னாலும் அங்கதான் செய்வாங்க. பெரட்டுல ஒண்ணு சொல்லிட்டா அது சட்டம், அதுக்கு மேல அப்பீல் கெடையாது. வேலை வாங்குற கணக்கப்பிள்ளை எங்கம்மாவை முன்னுக்குக் கூப்பிட்டு நிறுத்தி, பங்களா ரயிலைத் திருடுனவ இனிமே பங்களாப் படி ஏறக்கூடாது, மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கட்டும்னு கத்துனாரு. பொலிசுக்குப் போகல. போயிருந்தா ரெண்டு கேள்வியாவது கேட்டிருப்பாங்க. அம்மா அன்னைக்கே கூடையை எடுத்துக்கிட்டு மலைக்குப் போச்சு.

அதோட விட்டிருந்தா ஊரு மறந்திருக்கும். ஆனா எங்கப்பாவுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. அவரு ஸ்டோர்ல வேலை. தேயிலை ஃபேக்டரிய நாங்க ஸ்டோர்னுதான் சொல்லுவோம். துரை குடும்பம் போய்க் கொஞ்ச நாள்ல, ஹட்டன்ல ஒரு பழைய சாமான்காரன்கிட்ட ஏதோ ஒரு தகர இஞ்சினை வாங்கிக்கிட்டு வந்தாரு. ஸ்டோர்ல மெசினுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டுல கொஞ்சம் கொண்டுவந்து, பங்களா ரயில் மாதிரியே பச்சையா அடிச்சாரு. காஞ்சதும் ரோட்டைப் பாத்த ஜன்னல்ல வச்சாரு. திருடின்னுதானே சொன்னீங்க, இந்தா நிக்குது இஞ்சின், எவனுக்குத் தைரியம் இருக்கோ வந்து கேளுங்கடான்னு அர்த்தமாம். எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க.

லயத்து சனம் என்ன சொல்லும்? கமுக்கமா மறைச்சு வச்சிருந்து, துரை போனதும் வெளிய எடுத்துட்டாங்க பாத்தியான்னு சொல்லுச்சு. நான் ஹட்டன்ல வாங்குனேன்னு அப்பா சொன்னா வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. சிரிக்கச் சிரிக்க இவருக்கு ரோசம் ஏறுச்சே தவிர, இஞ்சினை எறக்கி வைக்கல. கடைசியில அவரு போய்ச் சேந்துட்டாரு. இஞ்சின் ஜன்னல்லயே நிக்குது. அம்மா ரயில்காரி, நான் ரயில்காரி மக. பள்ளிக்கூடத்துல யாரோட பென்சில் தொலைஞ்சாலும் மொதல்ல என் பையைத்தான் தொறப்பாங்க.

ஒண்ணு மட்டும் ஒளிக்காமச் சொல்லணும். அப்பா ஹட்டன்ல வாங்குனாருங்கிறது அப்பாவும் அம்மாவும் சொன்ன கதை. நான் அப்பப் பொறக்கவே இல்ல. அம்மா நெசமாவே எடுத்திருந்தா, அதை மூடி மறைக்க இதைவிட நல்ல கதை அகப்படாது. ஊரு ஒலகத்துச் சாமானையெல்லாம் புரட்டிப் பாக்குற நான், எங்க வீட்டு ஜன்னல்ல நிக்கிறதை மட்டும் புரட்டிப் பாத்ததில்ல. பயம்தான், வேற என்ன. ஒப்பிட்டுப் பாக்கப் பங்களா ரயிலோட பெட்டிங்க இல்லையே, பாத்து என்ன ஆகப் போகுதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்குவேன்.

பெட்டிங்க எங்கயும் போகல. பங்களாவோட கூரைக்குள்ள ஒரு மரப்பெட்டியில கெடந்திருக்கு.

பங்களா இப்ப ஓட்டல். லயத்துல தண்ணி வாரத்துல பாதி நாள் வராது, அங்க குளிக்கிற தொட்டியில ரோசாப்பூ மெதக்குது. வெளிநாட்டுக்காரங்களுக்குத் தலையில துணி கட்டி, முதுகுல கூடை மாட்டி, கொழுந்து பறிக்கிற அனுபவம்னு ஒண்ணு குடுக்குறாங்க. அந்தம்மாங்க கையில நாலு கொழுந்தை வச்சுக்கிட்டு போட்டோ புடிச்சுட்டு, ரொம்பக் களைப்பா இருக்குன்னு போய்ப் படுத்துக்குவாங்க. எங்கம்மாவுக்கும் அந்த அனுபவம் இருக்கு. யாரும் போட்டோ புடிக்கல.

கூரை ஒழுகுதுன்னு ஓடு மாத்தப் போனப்ப மரப்பெட்டி அகப்பட்டுச்சு. உள்ள ரயில் பெட்டிங்க, தண்டவாளம், எல்லாம் பச்சை. ஓட்டல் மேனேஜர் கொழும்புச் சிங்களவரு, சின்ன வயசு, எப்பவும் சிரிச்ச மொகம். முத்திரை ஒண்ணும் இல்லியே, யாரு செஞ்சதுன்னு கேக்க நேரா ஐயாவைக் கூட்டிக்கிட்டுப் போனாரு. ஐயா மூச்சைப் புடிச்சுப் பாத்துட்டு, இந்தப் பச்சை நியூரம்பேர்க்கில ஒரு பெரிய கம்பெனியின்ர பச்சைன்னு தீர்ப்புக் குடுத்துட்டாரு. மேனேஜருக்குத் தல கால் புரியல. வரவேற்பு மண்டபத்துல கண்ணாடிப் பெட்டி, உள்ளுக்கு லைட்டு, துரை மகனோட ரயில்னு அட்டை. ஒரே ஒரு கொறை, இஞ்சின் இல்ல. அதுக்கும் ஆளு ரெடியா இருந்துச்சு. தோட்டத்துப் பழைய ஆளுங்ககிட்டக் கேட்டாரு, இஞ்சின்தானே, ரயில்காரி வீட்டு ஜன்னல்ல நிக்குதுன்னு கை காட்டி விட்டுட்டாங்க.

பௌர்ணமிக்கு விடுற போயா லீவுக்கு நான் அம்மாவைப் பாக்கப் போயிருந்தேன். மேனேஜர் ஒரு பழக்கூடையோட லயத்து வாசல்ல வந்து நின்னாரு. செருப்பைக் கழட்டிட்டு வந்தாரு, கதிரையில நுனியில ஒக்காந்தாரு, தேத்தண்ணி குடிச்சாரு, மரியாதையில ஒரு கொறை சொல்ல முடியாது. அம்மே அம்மேன்னு வாய் நெறையக் கூப்பிட்டாரு. பொறவு தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல, மெதுவா, மனசுல பாடம் பண்ணிக்கிட்டு வந்த மாதிரி சொன்னாரு.

"இஞ்சினைத் திருப்பிக் குடுத்தாப் போதும் அம்மே. பழசு எல்லாம் நாங்க மறந்துடுறோம்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. இவரு மறக்குறாராம். எதை மறக்குறாரு, யாரு கேட்டா? பழக்கூடையைத் தூக்கி ரோட்டுல வீசலாம்னு எந்திரிச்சேன். அம்மா என் கையைப் புடிச்சு ஒக்கார வச்சுச்சு. மேனேஜரைப் பாத்து, நாளைக்கு நானே கொண்டுவாறேன், ஆனா முன்கதவாலதான் வருவேன்னு சொல்லுச்சு. ஆயாவா இருந்தப்ப அம்மா பின்கதவாலதான் போய் வரணும். மேனேஜருக்கு அது எங்க வெளங்கும், தாராளமா வாங்கன்னு சிரிச்சுக்கிட்டே எழும்பிப் போனாரு.

எதுக்கும்மா போகணும், எடுத்து வீசிட்டு வேலையைப் பாக்கலாம்னு நான் சண்டை புடிச்சேன். பெட்டிங்க கெடச்சிருச்சு இல்ல, இனி பாத்துரலாம்னு மட்டும் அம்மா சொல்லுச்சு. அந்த ஒரு வார்த்தையில எனக்குப் பாதித் தைரியம் வந்துச்சு. எடுத்தவ இப்படிச் சொல்லுவாளா? மீதிப் பாதிக்கு அன்னைக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்கல.

மறுநாள் அம்மா நல்ல சேலை கட்டி, இஞ்சினை ஒரு துண்டுல சுத்தி எடுத்துக்கிட்டு, முன்கதவால போச்சு. கதவு தொறந்து விட்டது எங்க லயத்துப் புள்ளை ஒண்ணு, ஓட்டல் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. அது அம்மாவைப் பாத்துட்டு என்ன செய்யுறதுன்னு தெரியாம, வெள்ளைக்காரங்களுக்குக் கும்பிடுற மாதிரியே கும்பிட்டுருச்சு.

கண்ணாடிப் பெட்டியைத் தொறந்து வச்சிருந்தாங்க. ஐயாவும் வந்திருந்தாரு, மஃப்ளர், பூதக்கண்ணாடி சகிதமா. ரயில்காரியோட மக நான்னு அவருக்கு அது வரைக்கும் தெரியாது. நீர் ஏன் பிள்ளை இங்கன்னு கேட்டாரு, அம்மாவோட வந்தேன்னு சொன்னேன். அம்மா துண்டைப் பிரிச்சு இஞ்சினை மேசையில வச்சுச்சு. ஐயா ஒரு ரயில் பெட்டியை எடுத்துப் பக்கத்துல வச்சாரு, குனிஞ்சாரு, மூச்சைப் புடிச்சாரு. இந்தப் பச்சை, அந்தப் பச்சை, திரும்ப இந்தப் பச்சை.

"ஒரே பச்சை. ஒரே கம்பனி. இது இந்த ரயிலின்ர இஞ்சின்தான், சந்தேகமே இல்லை."

அம்மா மேசை விளிம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இத்தனை வருசம் கழிச்சு, படிச்ச மனுசன் ஒருத்தரு, பூதக்கண்ணாடி வச்சுப் பாத்து, இன்னொரு தடவை திருடின்னு சொல்லிட்டாரு. அவரு அதை நெனச்சுக்கூடச் சொல்லல, அவரு பேசுனது பச்சையைப் பத்தி. மேனேஜர் பரவாயில்ல, பரவாயில்லன்னு கையை ஆட்டி சிரிக்கிறாரு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஐயா, இந்தப் பச்சையை நியூரம்பேர்க்ல அடிக்கல, கீழ ஸ்டோர்ல அடிச்சதுன்னு சொன்னேன். அவரு நிமிந்து பாத்தாரு. அப்புறம் நான் நிறுத்தவே இல்ல. தோட்டத்தைச் சோதிக்கப் பெரிய துரை வர்றாருன்னா மொத வேலை பெயிண்டுதான். ரோலர் மெசின், தண்ணிக் குழாய், துரைசாணி பூந்தொட்டி, எல்லாத்துக்கும் அதே பச்சை. ஒருக்கா துரை மகன் அடம் புடிச்சு, பெயிண்டர் அவன் ரயிலுக்கும் அடிச்சுக் குடுத்துருக்கான், காயிற வரைக்கும் புள்ளையை இழுத்துப் புடிச்சுக்கிட்டு நின்னது எங்கம்மாதான். அதே வாளியில இருந்துதான் எங்கப்பாவும் கொண்டுவந்து இதுக்கு அடிச்சாரு. பச்சையை வச்சு முடிவு பண்றதுன்னா எங்க வீட்டுக் கட்டில் காலும் நியூரம்பேர்க்தான், வேணும்னா தூக்கிக்கிட்டு வரவான்னு கேட்டேன். வாத்து கதையையும் சேத்துச் சொல்லியிருப்பேன், அம்மா என்னைப் பாத்த பார்வையில நிறுத்திட்டேன்.

ஐயா கோவிக்கல. அப்ப அடியைப் பாரும்னு சொல்லி இஞ்சினை என் பக்கம் தள்ளுனாரு. பூதக்கண்ணாடியையும் கழட்டிக் குடுத்தாரு. அதை அவரு யாருக்கும் குடுத்து நான் பாத்ததில்ல.

அப்பத்தான் மொத மொதலா எங்க வீட்டு இஞ்சினைப் புரட்டுனேன். தகர நாக்கை மடக்கி மாட்டுன வேலை, ஈயத்துல ஒட்டுனது ஒண்ணுகூட இல்ல. சக்கரம் தகட்டுல தட்டி எடுத்தது. அடியில பச்சை உரிஞ்ச எடத்துல செவப்பு தெரிஞ்சுச்சு, அதுல அச்சடிச்ச மஞ்சக் கோடு. பெட்டியை எடுத்துப் பாத்தேன். பூராவும் ஈயம் வச்சு ஒட்டுனது, சக்கரம் கனமா வார்த்தது, பச்சைக்குக் கீழ கையால தீட்டுன கத்தரிப்பூ கலர். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. கொக்கிகூட மாட்டாது. வேற பட்டறை ஐயா, வேற வேற காலம்னு சொன்னேன்.

ஐயா தலையாட்டுனாரு. ஆனா மனுசன் நேர்மையானவரு, தனக்குத் தோணுனதை விழுங்க மாட்டாரு. பட்டறை வேறதான், ஆனா துரை பிறகொருக்கா வேற இஞ்சின் வாங்கி இந்தப் பெட்டிகளோட விட்டிருக்கலாம்தானே, அப்பிடியும் நடக்கிறதுண்டுன்னு மெதுவாச் சொன்னாரு. நெசம்தான். நானும் அப்படி நெறையப் பாத்திருக்கேன். பழைய இஞ்சின் உடைஞ்சா புதுசு வாங்கி மாட்டி, கொக்கி சேரலைன்னா கம்பி கட்டி இழுப்பாங்க.

அப்பத்தான் ரெண்டு பேரு கண்ணும் ஒரே எடத்துக்குப் போச்சு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள தண்டவாளம் வளைஞ்சு கெடந்துச்சு. இஞ்சின் யாரு செஞ்சதா இருந்தாலும் இதுல ஓடியிருக்கணும். ஓடாத இஞ்சினை எந்தத் துரையும் எந்தப் புள்ளைக்கும் வாங்கிக் குடுத்திருக்க மாட்டான்.

இஞ்சினைத் தூக்குனேன். தண்டவாளத்துக்கு மேல கொண்டு போனேன். கை அங்கயே நின்னுருச்சு. பொருந்திருச்சுன்னா? அம்மாவுக்கு வயசாயிருச்சு, இதோட வாழ்ந்து பழகிருச்சு, இப்பவே நிறுத்திட்டா பாதி மானமாவது மிஞ்சும்னு என்னென்னமோ ஓடுச்சு. அம்மா என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பயப்படுறேன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு, எதுக்குப் பயப்படுறேன்னும் தெரிஞ்சு போச்சு.

"வைடி," அப்படின்னுச்சு.

வச்சேன். ஒரு பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்துல ஏறுச்சு. மத்தப் பக்கத்துச் சக்கரம் எட்டல, உள்ளுக்கு விழுந்துச்சு. நேரா வச்சேன், இஞ்சின் முழுசா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல எறங்கி, வயித்தைத் தரையில வச்சுப் படுத்துக்கிச்சு. ஐயா ஒரு பெட்டியை எடுத்து வச்சாரு, அது கச்சிதமா நின்னுச்சு, வெரல்ல தள்ளுனா ஓடுச்சு. எங்க இஞ்சின் அந்தத் தண்டவாளத்துல ஒரு நாளும் ஓடியிருக்க முடியாது. எங்கப்பா சொன்னது நெசம். கோபத்துல போய், அகலத்தைக்கூடப் பாக்காம, கையில அகப்பட்டதை வாங்கிக்கிட்டு வந்திருக்காரு.

இத்தனை வருசம் ஒரு தோட்டமே தீர்ப்புச் சொல்லியிருக்கு. அன்னைக்கு ஆயாவோட துணி மூட்டைய ஒதறிப் பாத்தாங்களே, சீமைக்குப் போன துரையோட சாமான் பெட்டியை ஒருத்தன் தொறந்து பாத்தானா? புள்ளை அழும்னு கடைசியில இஞ்சினைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிருந்தாலும் போயிருப்பாங்க. இதை நான் சத்தமாவே சொன்னேன். மேனேஜருக்குக் கொஞ்சம் வெளங்குச்சு போல, சிரிப்பு கொறைஞ்சுச்சு.

அவரு ஒடனே கேக்கும் தேத்தண்ணியும் கொண்டுவரச் சொன்னாரு. சின்னத் தவறுதல்னு சொன்னாரு. அப்புறம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, இந்த இஞ்சினைப் பெட்டிங்களோட சும்மா பக்கத்துல வைக்கலாமா, விருந்தாளிங்க முழு ரயிலைத்தான் விரும்புறாங்கன்னு கேட்டாரு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல. அம்மா கேக்கைத் தொடல. பெரட்டுல சொல்லணும்னு கேட்டுச்சு. பெரட்டுல எல்லார் முன்னுக்கும் திருடின்னு சொன்னாங்க, எடுக்கலைன்னும் பெரட்டுல சொல்லணும், அதுக்குப் பொறவு என்ன வேணா பேசலாம்.

இது ஓட்டல், இங்க பெரட்டு இல்லைன்னாரு மேனேஜர். அம்மா ஜன்னல் வழியா வெளிய வாசல் முத்தத்தைக் காட்டுச்சு. ஒவ்வொரு நாளும் காலையில ஓட்டல் ஆளுங்க முழுப் பேரும் சட்டை மாட்டிக்கிட்டு அங்கதான் வரிசையா நிக்கிறாங்க, இவருதான் முன்னுக்கு நின்னு யாருக்கு என்ன வேலைன்னு சொல்றாரு. முக்காவாசிப் பேரு எங்க லயத்துப் புள்ளைங்க. அவங்க அதை வேற பேரு சொல்லுவாங்க, இங்கிலீஷ்ல ஏதோ. கூப்பிடுற பேரு மாறுனாலும் நிக்கிற ஆளுங்க மாறல.

கொழும்புல மொதலாளிகிட்டக் கேக்கணும்னாரு மேனேஜர். கேளுங்கன்னு சொல்லிட்டு அம்மா வரவேற்பு மண்டபத்து மெத்தைக் கதிரையில இஞ்சினை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்துருச்சு. வெள்ளைக்காரம்மா ஒருத்தி வந்து சிரிச்சு, ஒரு போட்டோ புடிச்சுக்கலாமான்னு கேட்டா. இன்னொருத்தி வந்து ரெண்டு புடிச்சா. மேனேஜர் கொழும்புக்கு போன் எடுக்கவே இல்லைன்னு நெனைக்கிறேன். கொஞ்ச நேரத்துல வந்து, நாளைக்குக் காலையில வாங்க அம்மேன்னு சொல்லிட்டாரு.

மறுநாள் விடிஞ்சும் விடியாம முத்தத்துல மூடுபனி. புள்ளைங்க வரிசையா நின்னாங்க. ஐயாவும் வந்து ஒரு ஓரமா நின்னாரு, யாரும் அவரைக் கூப்பிடல. மேனேஜர் மொதல்ல இங்கிலீஷ்ல பேசுனாரு, பொறவு சிங்களத்துல பேசுனாரு. பாரம்பரியம், தோட்டத்து மக்கள், நம்ம குடும்பம், நன்றின்னு நீளமாப் போச்சு, எல்லாரும் கை தட்டுனாங்க. அதுல திருட்டுங்கிற வார்த்தையும் இல்ல, எடுக்கலைங்கிற வார்த்தையும் இல்ல. கை தட்டி முடியட்டும்னு அம்மா காத்துக்கிட்டு இருந்துச்சு.

"அன்னைக்கு என்னைத் தமிழ்லதான் சொன்னாங்க தம்பி. இன்னைக்கும் தமிழ்லயே சொல்லுங்க."

பழக்கூடையோட வந்தப்ப இருந்த தமிழ் மேனேஜருக்கு இப்ப வரல. அப்ப ஐயா ஓரத்துல இருந்து நடந்து வந்து எங்கம்மா பக்கத்துல நின்னாரு. மஃப்ளரை அவுத்துக் கையில வச்சுக்கிட்டாரு.

"நான் நேற்றுச் சொன்னது பிழை. பங்களா இஞ்சினை இந்த அம்மா எடுக்கேல்லை. எடுத்தவ எண்டு சொன்ன எல்லாரும் பிழை."

யாரும் கை தட்டல. நேத்துக் கதவு தொறந்து விட்ட புள்ளை தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அதோட வீட்டுலயும் எங்களை அப்படித்தானே கூப்பிட்டிருப்பாங்க. அம்மா சரின்னு தலையாட்டிட்டு, மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு, இஞ்சினைத் துண்டுல சுத்திக்கிட்டு முன்வாசல் படியில எறங்கிருச்சு. ஐயா கேட் வரைக்கும் எங்களோட வந்தாரு. அது சரி பிள்ளை, உந்த இஞ்சின் ஆர் செய்ததுன்னு பையக் கேட்டாரு. தெரியல ஐயா, நியூரம்பேர்க்ல ஏதோ ஒரு சந்துல எவனோ செஞ்சிருக்கான்னு சொன்னேன். நானே தெரியலைன்னு சொன்னதுல அவருக்கு ஒரு திருப்தி, மூஞ்சியில தெரிஞ்சுச்சு.

தேயிலைக்கு நடுவுல குறுக்குப் பாதையில எறங்குறப்ப அம்மா சட்டுன்னு நின்னுச்சு. ஒங்கப்பன் மட்டும் இப்ப உசிரோட இருக்கணும், இந்த இஞ்சினாலயே மண்டையில ஒண்ணு போட்டிருப்பேன்னு சொல்லுச்சு. அப்புறம் அங்கயே கல்லுல ஒக்காந்து அழுதுச்சு. பெரட்டுலயும் அழல, மலையிலயும் அழல, அப்பா செத்தப்பகூட இப்படி அழல. எங்கப்பா மேல எனக்கும் அப்படி ஒரு கோவம் வந்துச்சு, அவரு இல்லையேன்னு அதே அளவுக்கு வருத்தமாவும் இருந்துச்சு. நான் அம்மா பக்கத்துலயே நின்னேன்.

லயத்துக்கு வந்து சேந்தப்ப பக்கத்து வீட்டு அக்கா வாசல்ல தண்ணி தெளிச்சுக்கிட்டு இருந்துச்சு. அம்மாவோட நல்ல சேலையையும் கையில இருந்த துண்டையும் பாத்துட்டு, என்னா ரயில்காரியக்கா, காலங்காத்தால எங்க போயிட்டு வாறீங்கன்னு கேட்டுச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு. இனி ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லட்டும்னு வாயைத் தொறந்தேன். அம்மா என்னை முந்திக்கிச்சு.

பெரட்டுக்குப் போயிட்டு வாறேன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு உள்ளுக்குப் போய், இஞ்சினைத் தொடைச்சு, பழையபடி ரோட்டைப் பாத்த ஜன்னல்லயே வச்சுட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சுச்சு.